சொங்சிங்கில் எமில்டா சொன்னது

எமில்டாவைச் சப்பாத்துக் கழற்றக்கூட விடாமல் இக்னேசியஸ் பேஸ்மென்ற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பதினாலு மணித்தியாலம் விமானத்தில் முடங்கிக் கிடந்த கால்கள் வீங்கியிருந்தன. கைபிடியில் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு படியாகத்தான் அவளால் இறங்க முடிந்தது. கீழே புதுப் பெயின்ற் மணம் மூக்கில் அடித்தது. சுவரெல்லாம் வெளிர்நீலம். பழைய குளியல் தொட்டி இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஷவர். புதுக் கட்டிலில் மெத்தையின் பொலித்தீன் இன்னும் உரிக்கப்படவில்லை. அறுபத்தாறு வயது மனிதர், முதுகு நோவுக்கு இடுப்பில் பெல்ற் கட்டிக்கொண்டு, அவள் இல்லாத பன்னிரண்டு நாளில் தனி ஆளாக இத்தனையும் செய்து முடித்திருந்தார். காதுமடலில் ஒரு துளி நீலம் காய்ந்து கிடந்தது. பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றுகொண்டு, "எப்பிடி?" என்று கேட்டார்.

"நல்ல வடிவாயிருக்கு" என்றாள் எமில்டா. அது பொய்யில்லை. அதற்குமேல் ஒரு சொல் பேசினாலும் அழுதுவிடுவாள் போலிருந்ததால், கால் நோகுது, மேலே போவோம் என்றாள்.

"ஓமோம், களைச்சு வந்திருக்கிறீர். ஆறுதலாச் சொல்லும்" என்றார் இக்னேசியஸ். அவருக்குக் கேட்கவேண்டும்போல் இருந்தது. ஆனால் நல்ல செய்தியை அவசரப்பட்டுக் கேட்டால் அதன் சுவை குறைந்துவிடும் என்று நினைக்கிற ஆள் அவர்.

நல்ல செய்தி என்று அவர் நினைத்ததுதான் சிக்கல். மகனைக் கூட்டிக்கொண்டு வா என்று அனுப்பப்பட்ட மனுசி, மகனிடம் நீ இங்கேயே நில் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அதை எந்த முகத்தோடு இந்த மனிதரிடம் சொல்வது என்று சொங்சிங்கிலிருந்து ரொறொன்ரோ வரை யோசித்தும் அவளுக்கு வழி தெரியவில்லை.

டெனிஸ்டன் அவர்களுக்கு ஒரே பிள்ளை. பாலம், றோட்டுக் கட்டுகிற படிப்புத்தான் படித்தான். படித்து முடித்து ஐந்து வருஷம் மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கொட்டகையில் பெட்டிகளை ஸ்கேன் பண்ணிக்கொண்டு நின்றான். மத்தியானச் சாப்பாட்டைக் காருக்குள் இருந்து தனியே சாப்பிடுவான். மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள், சீனாவில் சொங்சிங் என்ற நகரத்துக்கு இங்கிலிஷ் படிப்பிக்கப் போகிறேன் என்றான். ஒரு வருஷத்தில் வந்துவிடுவான் என்றுதான் இக்னேசியஸ் நினைத்தார். போனவன் அந்தப் பாஷையைப் படித்தான், ஒரு பாலக் கொம்பனியில் வேலைக்குச் சேர்ந்தான். அன்றைக்கு நின்றதுதான் தகப்பன் மகன் பேச்சு. அவன் வீட்டுக்குப் போன் எடுக்கிறபோதெல்லாம் இக்னேசியஸ், "நான் குளிக்கிறன் எண்டு சொல்லும்" என்று மெதுவாகச் சொல்லிக் கை காட்டுவார். டெனிஸ்டன் அறிந்த அளவில், ரொறொன்ரோவில் அவர்கள் இருக்கிற மல்வேர்ன் முழுக்க அதிகம் குளிக்கிற மனிதர் அவனுடைய அப்பாதான்.

சித்திரை மாதம் அவன் தாயிடம் சொன்னான்: "அம்மா, கொம்பனி அஞ்சு வருஷக் கொன்ராக்ட் தருது. நீங்கள் வா எண்டு சொன்னா வாறன். இல்லாட்டி ஜூன்ல சைன் வைக்கிறன்." இக்னேசியஸ் அன்றைக்கே ரிக்கெற் பார்த்தார். "நீர் போய் நேரில கேளும். உம்மட முகத்தைப் பாத்து அவன் இல்லை எண்டு சொல்லமாட்டான்" என்றார். அது சரிதான். அவள் கேட்டிருந்தால் அவன் இந்நேரம் அந்தப் பொலித்தீன் உரிக்காத மெத்தையில் படுத்திருப்பான்.

எமில்டா வந்திறங்கியது வியாழக்கிழமை. வெள்ளியும் சனியும் அவள் நித்திரையைச் சாட்டிக்கொண்டு தப்பினாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு பக்கத்து வீட்டு அருள்நாயகி, ரோல்ஸ் ஒரு தட்டு சுட்டுக்கொண்டு சீனாக் கதை கேட்க வந்துவிட்டாள். கதை என்றால் அவளுக்குக் கொஞ்சம் அருவருப்பாக இருக்கவேண்டும்.

"உண்மையைச் சொல்லுங்கோ எமில்டாக்கா. பாம்பு, தவளை எல்லாம் மேசையில வைச்சிருக்கினமாமே?"

இக்னேசியஸும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். அந்த நாட்டைப் பற்றி நாலு கூடாத கதை வந்தால் அவருக்கும் ஆறுதல்.

"பாம்பை நான் கண்ணாலயும் காணேல்லை" என்று தொடங்கினாள் எமில்டா. தொடங்கியவளுக்கு நிற்பாட்டத் தெரியவில்லை.

எமில்டாவுக்கு இருபத்திரண்டு வருஷமாக மிசிசாகாவில் விமானச் சாப்பாடு கட்டுகிற குசினியில் வேலை. விடியப்புறம் மல்வேர்னில் வேலையாட்களை ஏற்றிப்போகிற வானில் ஏறினால், அங்கே போய்த் தொப்பியும் கையுறையும் போட்டு, சோறு இத்தனை கிராம், கோழி இத்தனை துண்டு என்று தட்டுத் தட்டாக அடுக்குவாள். அந்தத் தட்டை யார் சாப்பிடுகிறார்கள், சாப்பிட்டுவிட்டு என்ன முகம் காட்டுகிறார்கள் என்று ஒருநாளும் அவள் கண்டதில்லை. போகிற விமானத்தில் தனக்கு வந்த தட்டைக்கூடச் சுற்றித் திருப்பி, பிரித்து, கரட் துண்டை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டாள். அப்படிப்பட்டவளை மகன் முதல்நாள் காலை ஒரு தெருக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். உயரமான பிளாஸ்ரிக் முக்காலிதான் மேசை, குட்டையான முக்காலிதான் கதிரை. கோட் போட்ட ஒபிஸ்காரரும், மூட்டை தூக்குகிறவரும், புத்தகப் பை போட்ட பிள்ளையும் முழங்கால் முழங்காலோடு முட்ட இருந்து, கோப்பைக்குள் தலையைக் குனிந்து நூடில்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரி கொதிதண்ணீரில் நூடில்ஸை முக்கி, உதறி, பதினைந்து கிண்ணத்தில் இருந்து பதினைந்து சாமானை அளக்காமல் அள்ளிப் போட்டாள். ஒரு கோப்பை மாதிரி அடுத்த கோப்பை இல்லை. சாப்பிடுகிறவர் முகத்தை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எமில்டா அங்கே நின்று, வேலையில் இருபத்திரண்டு வருஷம் தனக்குக் கிடைக்காத ஒன்றை இந்த மனுசி ஒவ்வொரு காலையும் அனுபவிக்கிறாளே என்று பொறாமைப்பட்டாள்.

"உறைப்போ?" என்று கேட்டாள் அருள்நாயகி.

"உறைப்பெண்டா எங்களுக்கென்ன, ஊதித் தள்ளிடலாம். உது வேற. மிளகு மாதிரி ஒரு கொட்டை போடுகினம். ரெண்டு வாய் வைச்சன், சொண்டு விறைச்சுப்போச்சு. நாக்கு இருக்கோ எண்டே தெரியேல்லை. எனக்கு வாதம் அடிச்சிட்டுதெண்டு நினைச்சு, 'டேய் தம்பி, என்ர வாய் ஒருபக்கம் கோணிப்போச்சோ பார்' எண்டு குழறினன். அவன் சிரிக்கிறான். கடைக்காரியும் சிரிக்கிறா. முழுத் தெருவும் சிரிக்குது. நாலாம் நாள் அந்தக் கொட்டை கூடப் போடச் சொல்லிக் கேக்கிறன்."

இக்னேசியஸ் தன்னை அறியாமல் சிரித்துவிட்டு, உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

அவள் அடுக்கிக்கொண்டே போனாள். எங்கே போனாலும் குடிக்கச் சுடுதண்ணீர் தருகிறார்கள். ரயிலில், ஸ்ரேஷனில், கடையில், எல்லா இடமும். ஐஸ் போடாமல் குடிக்கிறாள் என்று வேலையிடத்தில் நக்கலடிபட்டவளுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்ததாம். மாலையில் சந்தியில் பாட்டுப் போட்டு, அவள் வயதுப் பெண்கள் நூறு பேர் வரிசையாக நின்று ஆடுகிறார்களாம். ஒரு மனுசி வந்து எமில்டாவின் கையைப் பிடித்து இழுத்ததாம். "ஆடினனீங்களோ?" என்று அருள்நாயகி வாயைப் பிளந்தாள். "சும்மா நிண்டனான்" என்றாள் எமில்டா. அரை மணித்தியாலம் ஆடியதை அவள் சொல்லவில்லை.

"செங்டு எண்டு ஒரு இடம். இஞ்சயிருந்து கிங்ஸ்ரனைத் தாண்டிப் போற தூரமிருக்கும். தூரப் பயணமெண்டு நான் பாணுக்குள்ள மீன் வைச்சுக் கட்டிக்கொண்டு போறன். ரெயின்ல ஏறி இருந்து செபமாலையை எடுத்தன். நாலு தேவ ரகசியமும் சொல்லி முடிப்பமெண்டு. கடைசி மகிமைத் தேவ ரகசியத்துக்கு வரேல்லை, செங்டு வந்திட்டுது. பாண் கட்டினபடி கிடக்கு. நான் வேலைக்குப் போறதுக்கு வான் பிந்தினா ரெண்டு பஸ், ரெண்டு ரெயின் மாறி இதைவிடக் கூட நேரம் எடுக்கிறனான், அருள்."

"அவ்வளவு கெதியோ?"

"இன்னுமொண்டு சொன்னா நீர் நம்பமாட்டீர். அந்த ஊர் முழுக்க மலை. றோட்டில இருந்து ஒரு கட்டிடத்துக்குள்ள போறம். லிப்ட்ல எட்டாம் மாடிக்குப் போய்க் கதவைத் திறந்தா, அங்கயும் றோட்டு. பஸ் நிக்குது."

"எட்டாம் மாடியிலயோ?" என்றார் இக்னேசியஸ். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். பஸ் விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது.

"எட்டாம் மாடியிலதான். ஏறிப் போயும் பாத்தன்."

"பயணக் களையில கதைக்கிறா" என்று இக்னேசியஸுக்குக் கண்ணைக் காட்டினாள் அருள்நாயகி. பாம்பும் தவளையும் கிடைக்காத ஏமாற்றத்தோடு, ரோல்ஸ் தட்டை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டு ஐந்து மணிக்குப் போய்விட்டாள்.

இக்னேசியஸ் எழும்பவில்லை. யன்னலால் ஜூன் மாத வெயில் மேசையில் விழுந்திருந்தது. அவர் மனுசியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தாறு வருஷம் கட்டி வாழ்ந்த மனிதருக்கு முகம் பார்க்கத் தெரியாமல் போகுமா. ஒரு ஊரைக் குறை சொல்ல வந்தவள் இப்படிக் கதைக்கமாட்டாள். அந்த ஊரில் இருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வந்தவளும் இப்படிக் கதைக்கமாட்டாள்.

"இஞ்சேரும். நீர் அவனை வா எண்டு கேட்டனீரோ?"

"இல்லை."

"கேக்கேல்லையோ?"

"நில் எண்டு சொன்னனான்."

இக்னேசியஸ் பேசியபோது 'நீர்' என்பது 'நீ' ஆகியிருந்தது. கலியாணம் கட்டிய நாள்தொட்டு அவர் அப்படிக் கூப்பிட்டது மூன்றோ நாலு தரம்தான் இருக்கும்.

"உன்னை நான் என்னத்துக்கு அனுப்பினனான்? சாப்பிட்டுப் பாத்திட்டு வாவெண்டோ? தனிப் பிள்ளை. ஒரு காய்ச்சல் வந்தா அங்க அவனை ஆர் பாக்கிறது? கோயில் குளம் இல்லாமல், எங்கட சனம் ஒண்டும் இல்லாமல்..."

எமில்டா வாதாடப் போகவில்லை. தான் கண்டதைச் சொன்னாள். போகும்போது இருபத்துமூன்று கிலோப் பெட்டி இரண்டிலும் அவள் கொண்டுபோனது சாப்பாட்டுச் சாமான்தானே. அவரும்தானே பக்கத்தில் நின்று தராசில் ஏற்றி இறக்கினார். கருவாட்டை அங்கே விமான நிலையத்தில் எடுத்துப் போட்டார்கள். ஐந்து பேப்பரில் சுற்றியும் மணம் மறையவில்லை. வறுத்து இடித்த தூளும் புழுக்கலரிசியும் தப்பின. அதை வைக்க மகனுடைய குசினி அலுமாரியைத் திறந்தாள். உள்ளே மூன்று வருஷமாக அவள் அனுப்பிய தூள் பக்கெற்றுகள் வரிசையாக நின்றன. அவளுடைய கையெழுத்தில் மாதமும் வருஷமும். ஒன்றைக்கூட வெட்டியிருக்கவில்லை. எறியவும் அவனுக்கு மனம் வரவில்லை. பிள்ளை பட்டினி கிடக்கிறான் என்று நினைத்து மிளகாய் வறுத்துத் தும்மிய அத்தனை சனிக்கிழமையும் அந்த அலுமாரிக்குள் நின்றுகொண்டிருந்தன. அன்றைக்கு இரவு அவள் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

"அப்ப கேட்டிருக்கலாமே, வாவெண்டு" என்றார் இக்னேசியஸ்.

"கேக்கத்தான் இருந்தனான். வெளிக்கிட ஆறு நாளுக்கு முதல் ஒரு காலமை, அந்த நூடில்ஸ் கடையில வைச்சுக் கேப்பமெண்டு போனன்."

அந்தக் காலை, அவர்கள் முக்காலியில் இருந்ததும் கடைக்காரி இரண்டு கோப்பையைக் கொண்டுவந்து வைத்தாள். மற்ற நாளில் மேலே கொத்தின பன்றியிறைச்சி ஒரு கரண்டி கிடக்கும். அன்றைக்கு இறைச்சி இல்லை. பதிலுக்கு அவித்த பட்டாணி இரண்டு கரண்டி, கீரை கூடுதலாக. முடிந்துபோச்சோ என்று எமில்டா எட்டிப் பார்த்தாள். இறைச்சிக் கிண்ணம் நிரம்பித்தான் இருந்தது. பக்கத்து ஆளின் கோப்பையிலும் இறைச்சி கிடந்தது. ஏனடா எங்களுக்கு மட்டும் இப்படி என்று மகனைக் கேட்டாள்.

"நான் கேக்க, அவன் சொல்லுறான், 'அம்மா, இண்டைக்கு வெள்ளிக்கிழமை எல்லே' எண்டு." என்றாள் எமில்டா. "முதல் வருஷம் ஒருக்காச் சொன்னவனாம், வெள்ளிக்கிழமையில நான் இறைச்சி தின்னிறதில்லை எண்டு. பிறகு ஒருநாளும் அவன் வாய் திறக்கத் தேவையில்லையாம். அந்த மனுசிக்குக் கோயிலும் தெரியாது, வெள்ளியும் தெரியாது. இந்தப் பொடியனுக்கு இண்டைக்கு இறைச்சி இல்லையெண்டு மட்டும் தெரியும். எனக்கே மறந்துபோச்சு, இஞ்சாருங்கோ. பெத்த தாய் நான், அங்க கிழமையே தெரியாமல் திரிஞ்சன். அவவுக்கு மறக்கேல்லை. அவனை ஆர் பாக்கிறது எண்டு கேட்டீங்கள். பாக்கினம்."

இக்னேசியஸ் மேசையில் விழுந்த வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிசிசாகாவில அஞ்சு வருஷம் காருக்குள்ள இருந்து தின்னவன்" என்றாள் எமில்டா. "அங்க அவன் தெருவால நடந்து போனா நாலு பேர் கூப்பிடுகினம். எனக்கு வாவெண்டு சொல்ல வாய் வரேல்லை."

"எப்ப சைன் வைக்கிறான்?"

"செவ்வாய்க்கிழமை."

"நான் கேட்டா வருவானோ?"

"வருவான். அதுதான் எனக்குப் பயம்."

அவர் எழும்பிப் பேஸ்மென்ற்றுக்குப் போனார். மேலே நின்ற எமில்டாவுக்கு மெத்தையின் பொலித்தீன் சரசரப்பது கேட்டது. கட்டிலில் இருந்திருக்கிறார். அவள் படி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள். என்ன சொல்லித் தேற்றுவது? வெளிர்நீலம் வடிவாகத்தான் இருந்தது. சுவர் மூலைகளில்கூட ஒரு பிசிறு இல்லாமல் அடித்திருந்தார். பிள்ளை வருகிறான் என்று நம்பி அடித்த பெயின்ற். இருந்தும் தான் சொன்னதைத் திருப்பி எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை விடிய அவள் வேலைக்குப் போனாள். தட்டுகளை அடுக்கினாள். பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது இக்னேசியஸ் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சேர்ட் போட்டுக்கொண்டு குசினி மேசையில் இருந்தார். இரண்டு பேரும் சோறு சாப்பிட்டார்கள். அவள் கோப்பை கழுவப் போனாள். சுவர் மணிக்கூட்டில் ஏழு மணி. ஜூன் மாதத்தில் அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் சரியாகப் பன்னிரண்டு மணித்தியாலம். மணிக்கூட்டைத் திருப்பவே தேவையில்லை. அங்கே செவ்வாய்க்கிழமை காலை ஏழு.

"அவனைப் போன்ல எடும்" என்றார் இக்னேசியஸ்.

எமில்டா கையைத் துடைத்துவிட்டு எண்ணை அழுத்தி, போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து அவருக்கு முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு, காட்சியில் விழாத இடத்தில் கோப்பை கழுவுகிற தொட்டியோடு ஒட்டி நின்றாள்.

"அம்மா, இந்த நேரம்..." என்று வந்த முகம் அப்படியே நின்றது. தலையில் மஞ்சள் ஹெல்மெற். பின்னால் வெள்ளையாகப் பனிமூட்டம். "அப்பா?"

"எங்க நிக்கிறாய்?"

"சைற்ல. பாலத்தில. சைன் வைக்க ஒபிஸுக்குப் போக முந்தி இஞ்ச ஒருக்கா..." டெனிஸ்டன் ஹெல்மெற்றைச் சரிசெய்துகொண்டான். "நீங்கள் குளிச்சிட்டீங்களோ அப்பா?"

"ஓம். குளிச்சு முடிஞ்சுது."

காற்று இரையும் சத்தமும், எங்கோ இரும்பில் இரும்பு தட்டும் சத்தமும் மட்டும் குசினிக்குள் வந்தன. இக்னேசியஸ் வாயைத் திறந்தார். எமில்டா தண்ணீர்க் குழாயை இறுக்கி மூடினாள்.

"பாக்கிறீங்களோ?" என்று மகன் முந்திக்கொண்டான். பதிலுக்கு நிற்காமல் போனைத் திருப்பினான். பனிமூட்டத்துக்குள் அகலமாக ஒரு தளம் நீண்டு போனது. தொப்பி போட்ட ஆட்கள் குனிந்து நின்றார்கள். ஒருவர் நிமிர்ந்து போனைப் பார்த்துக் கை அசைத்தார். தளம் போய்ப் போய் ஓரிடத்தில் சட்டென்று முடிந்தது. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. கீழே, நம்ப முடியாத ஆழத்தில், மண்ணிறமாக ஆறு.

"அந்த முனைக்குப் போனா இன்னும் வடிவாத் தெரியும் அப்பா. பொறுங்கோ."

"டேய், டேய். ஓரத்துக்குப் போகாத!"

"வேலி இருக்கப்பா."

"இருந்தாலும் கம்பியைப் பிடி."

"பிடிச்சிருக்கிறன்."

"வடிவாப் பிடிச்சுக்கொண்டு நட."

போனில் மகனுடைய கை தெரிந்தது. தகப்பனின் கை மாதிரியே கட்டையான விரல்கள். கம்பியைப் பிடித்தபடி அது கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்ந்தது. இக்னேசியஸ் போனுக்கு மூக்கு முட்டுமளவுக்குக் குனிந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசையின் விளிம்பை அவருடைய இடக்கை இறுக்கிப் பிடித்திருந்ததில் விரல் மூட்டுகள் வெளுத்துப்போய் இருந்தன.